கோழி இரைப்பையில் மூணு நீலப் பாசி

போன ஞாயித்துக்கிழமை மச்சான் வந்திருந்தார்னு ஒரு நாட்டுக்கோழி அடிச்சோம். பின்வாசல்ல உக்காந்து சுத்தம் பண்ணிட்டு இருந்த வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, இங்க வாங்க. உங்க சொத்து கெடைச்சிருக்குது"ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா, கீறி வெச்ச இரைப்பைக்குள்ள மணலுக்கும் பொடிக்கல்லுக்கும் நடுவுல மூணு நீலப் பாசி.

கோழிக்குப் பல்லு இல்லை. பொடிக்கல்லை முழுங்கி இரைப்பையில வெச்சுக்கிட்டுத்தான் தானியத்தை அரைக்கும். வாசல்ல சிந்துன பாசி அதுக்குக் கல்லு மாதிரித்தான் தெரிஞ்சிருக்கும். கழுவிப் பார்த்தேன். பளபளப்பு போயி, தேச்ச கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. மச்சான் சிரிச்ச சிரிப்பு தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா அந்த நீலத்தைத் தேடி ஈரோடு, கோயமுத்தூர்னு நான் அலைஞ்சது அவருக்குத் தெரியாது. நான் பாசி கோக்கற விஷயத்தை இங்க இதுவரைக்கும் எழுதினதில்லை. மஞ்சள் வேகவெச்சதை எழுதியிருக்கேன், கெணறு தூர்வாரினதை எழுதியிருக்கேன். இதை எழுத ஒரு கூச்சம் இருந்தது. அம்பத்திரண்டு வயசு ஆம்பளை, ரெண்டு ஏக்கர் கடலைக்காடு வெச்சிருக்கறவன், திண்ணையில கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாசி கோத்துட்டு இருக்கேன்னு எப்படி எழுதறது? இப்ப கோழி காட்டிக் குடுத்துருச்சு. எழுதிடறேன்.

எங்க வீடு கட்டினது 1986-ல. அடுத்த வருஷம் நிலைவாசலுக்கு மேல கட்டறதுக்குன்னு அம்மா ஒரு பாசித் தோரணம் ஆரம்பிச்சாங்க. எங்க பக்கம் சென்னிமலை தறிக்குப் பேர்போன ஊரு. அடுத்த வீட்டுல கைத்தறி ஓடிட்டு இருந்தது. தறியைப் பார்த்துப் பார்த்து, அம்மா ஒரு பலகையில ரெண்டு பக்கமும் வரிசையா சின்ன ஆணி அடிச்சு, அதுல பாவு இழுத்துக்கிட்டாங்க. அகலத்துக்கு 60 பாசின்னா பாவு நூல் 61 வேணும். ஊசியில 60 பாசியைக் கோத்து, பாவுக்கு அடியில குடுத்து, ஒவ்வொரு பாசியையும் ரெண்டு நூலுக்கு நடுவுல விரலால மேல தள்ளிப் புடிச்சுக்கோணும். அப்புறம் ஊசியைப் பாவுக்கு மேலாக அதே 60 பாசிக்குள்ளயும் திருப்பி ஓட்டோணும். அதுதான் ஒரு வரி. வாசல் அகலத்துக்கு 300 வரி. மொத்தம் 18,000 பாசி.

நடுவுல ஒரு பூச்செடித் தொட்டி, ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு பார்த்த மாதிரி ரெண்டு மயில். கணக்கு நோட்டுல கட்டம் கட்டமா அம்மாவே வரைஞ்சது. இடது மயிலு தோகையோட முடிஞ்சுது. தொட்டி முடிஞ்சுது. வலது மயிலோட அலகு வந்து, கழுத்து நாலு வரி வந்தது. 172-வது வரியில நீலம் தீந்து போச்சு.

சென்னிமலை தைப்பூசத் தேருக்கு வந்த பாசிக்காரம்மாகிட்ட வாங்கின நீலம் அது. அடுத்த வருஷத் தேருக்கு அம்மா காத்திருந்தாங்க. அவங்க வந்தாங்க, அந்த நீலம் வரலை. வேற நீலம் இருந்தது, அம்மாவுக்குப் பிடிக்கலை. "ஒரே மயிலுக்கு ரெண்டு நெறமா வெக்கறது?"ன்னு பலகையோட துணி சுத்திப் பரண்ல போட்டுட்டாங்க. அப்புறம் அப்பா படுத்துட்டாரு, அக்கா கல்யாணம் வந்தது, காடு கரைன்னு ஆயிப்போச்சு. பரண்ல அது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கிடந்தது.

போன வருஷம் வரப்புல வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டதை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டில்ல கிடந்த எனக்குப் பொழுது போகட்டும்னு அம்மாதான் அந்தப் பலகையை எடுத்துவரச் சொன்னாங்க. எனக்குப் பொழுதுபோக மட்டும் சொல்லலைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்கு ஒரு மாசம் முந்தித்தான் அம்மாவோட கண்ணுல நீர் அழுத்தம் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தார். போன பார்வை திரும்பி வராதுங்க, சொட்டு மருந்து விட்டு இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்னார். அம்மாவுக்குப் பக்கவாட்டுல இருக்கறது மறைஞ்சு, நேரா பாக்கறது மட்டும்தான் தெரியுது. "கொழாய்க்குள்ள பாக்கறாட்டம் இருக்குது கண்ணு"ன்னாங்க.

சரி, மிச்சம் 128 வரிதானே, முடிச்சுடலாம்னு உக்காந்தேன். அன்னைக்கு ஆரம்பிச்சது ரோதனை.

முதல்ல நூல். பழைய பாவு நூல் தொட்ட இடத்துல எல்லாம் பொட்டுப் பொட்டுன்னு விட்டுப்போச்சு. நாலு இடத்துல ஒட்டுப் போட்டேன். புது நூலுக்குத் தங்கூசி போட்டுப் பார்த்தேன், மீன்பிடிக்கற நரம்பு. சுருள் சுருளா எழும்பி நிக்குது, முடிச்சுப் போட்டா வழுக்கிக்கிட்டு அவுந்துக்குது. சாதா நைலான் நூலைப் பாசி வாய் அறுத்துருது. கண்ணாடிப் பாசியோட வாய் சில இடத்துல பிளேடு மாதிரி இருக்கும், போடறப்ப தெரியாது, பத்து வரி தள்ளிப் போனதுக்கப்புறம் பொசுக்குன்னு விடும். அம்மா ஒரு கட்டித் தேன்மெழுகைக் குடுத்து, நூலை அதுல ரெண்டு தரம் இழுத்துக்கச் சொன்னாங்க. நம்ம காட்டு வேப்பமரத்துல எடுத்த தேன் மெழுகுதான். அப்புறம் நூல் பிரியறது நின்னுச்சு, சிக்கு விழறதும் பாதியாக் கொறைஞ்சுது. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மான்னேன். "நீ கேக்கவே இல்லியே"ன்னாங்க.

ஊசி இன்னொரு கதை. பாசி ஊசி தலைமுடி தடிமன்லதான் இருக்கும், அதுக்குள்ள காது. அந்தக் காதுல நூலைக் கோக்கறதுக்குள்ள அரை ஏக்கர் களையெடுத்துடலாம். நூலை எச்சில் பண்ணி நுழைக்காதே, ஊசிக் காதை ஈரம் பண்ணு, நூலைச் சாய்வா வெட்டுன்னு அம்மா சொன்னது வேலை செஞ்சுது. ஆனா காலையில ஒம்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கற வெயில் வெளிச்சத்துலதான் எனக்கு அது நடக்குது. கட்டுப் பிரிச்சு நடக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் அந்த நேரத்துல நான் காட்டுல இருக்கோணும். ராத்திரி டியூப் லைட்டுல நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியுது. அப்படி ஒரு ராத்திரி போட்ட ஆறு வரியைக் காலையில பார்த்தா, மயில் கண்ணு இருக்க வேண்டிய இடத்துல நீலம்.

எண்ணிக்கைப் பிசகு இருக்கே, அதுதான் பெரிய கொடுமை. ஒரு வரியில ஒத்தைப் பாசி முன்னப்பின்ன ஆனா அன்னைக்குத் தெரியாது. பத்து வரி கழிச்சு, படத்தோட ஓரம் கோணிக்கிட்டு நிக்கறப்பத்தான் தெரியும். பிரிக்கறதுன்னா பத்து வரியையும் பிரிக்கோணும். கூடுதலா ஒரு பாசி விழுந்திருந்தா மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கு. குறடால அந்தப் பாசியை நசுக்கி உடைச்சுடலாம். நானும் ஒருக்கா உடைச்சேன். உடைஞ்ச சில்லு நூலையும் சேர்த்து அறுத்துருச்சு. பத்து வரி பிரிக்க வேண்டிய இடத்துல பதினாலு வரி பிரிச்சேன்.

அளவைச் சொல்லணும். அம்மா காலத்துப் பாசி ஒண்ணு தவிலு மாதிரி இருக்கும், ஒண்ணு தோசை மாதிரி இருக்கும். ஓட்டை சிலதுல பாதி வரைக்கும்தான் இருக்கும். அம்மா முறத்துல புடைக்கற மாதிரி ஒரு தட்டுல போட்டுப் பொறுக்கிப் பொறுக்கித்தான் போட்டிருக்காங்க. இடது மயிலு கோடு போட்டாப்பல நேரா இருக்கறதுக்கு அதுதான் காரணம். நான் பொறுக்காம போட்டேன், வரி எல்லாம் தண்ணி அறுத்த பாத்தி மாதிரி வளைஞ்சுபோச்சு. மகள் பார்த்துட்டு, ஜப்பான் பாசின்னா எல்லாம் ஒரே அளவா இருக்கும்ப்பா, ஆன்லைன்ல வாங்கலாம்னா. என்ன நம்பர் வேணும்னு கேட்டா. பெருசா இருக்கட்டும்னு 15-ன்னு சொன்னேன். வந்து இறங்கினது எள்ளை விடச் சின்னது. மோட்டார் வயருக்கு கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியற மாதிரித்தான் இதுவும்னு அப்புறம் தெரிஞ்சுது. 11-ன்னா கேழ்வரகு அளவு. 8-ன்னா கம்பு அளவு, அம்மாவோடது கிட்டத்தட்ட அதுதான். அந்த எள்ளுப் பாசி 20 கிராம் இன்னும் டப்பாவுல தூங்குது. பாசி கோக்கறவங்க வீட்டுல எல்லாம் இப்படி ஒரு டப்பா இருக்கும்னு நினைக்கிறேன், தப்பா வாங்கினது, திருப்ப முடியாதது, தூக்கிப்போட மனசு வராதது.

நிறத்துக்கு வர்றேன். இதுக்குள்ள ஆறு நீலம் வாங்கியிருந்தேன். ஈரோட்டுல ரெண்டு, கோயமுத்தூர்ல மூணு, மகள் வரவழைச்சது ஒண்ணு. பாக்கெட்டுக்குள்ள பார்த்தா அச்சு அசல் அதே நீலம். பாவுல கோத்தா வேற. கண்ணாடியே நீலமா இருக்கற பாசி ஒரு மாதிரி, மேல சாயம் பூசினது ஒரு மாதிரி, ஓட்டைக்குள்ள வெள்ளிப் பூச்சு இருக்கறது இன்னொரு மாதிரி. வெள்ளை நூலு உள்ள போனா ஒரு நிறம், கறுப்பு நூலு போனா ஒரு நிறம். ஒரு நீலம் ரொம்ப ஒத்து வந்தது. அது கைவேர்வை பட்டு நாலே நாள்ல வெளுத்துப்போச்சு, சாயம். இன்னொண்ணு கொஞ்சம் தெகைஞ்சுது. மறுபடி அதே கடைக்குப் போய் அதே பேரு, அதே நம்பர் கேட்டு வாங்கினா, புதுச் சரக்கு ஒரு பிடி கருப்பா இருக்கு. ஒவ்வொரு தடவை காய்ச்சறப்பவும் அப்படித்தாங்க கொஞ்சம் மாறும், மொத்தமா வாங்கியிருக்கோணும்னார் கடைக்காரர். வெல்லம் காய்ச்சறவனுக்கு அது தெரியாதா, நான்தான் யோசிக்கலை. அந்தக் கருத்த நீலத்தைத்தான் ஒரு நாள் கட்டில்ல தட்டி விட்டுட்டேன். விழுந்ததுல பாதி திண்ணை விரிசலுக்குள்ள, பாதி வாசல்ல. வாசல்ல விழுந்ததை நாங்க பொறுக்கினதை விடக் கோழி வேகமாப் பொறுக்குச்சு.

இதுக்கு நடுவுல ஊர் வாய் வேற. பங்காளி ஒருத்தர் திண்ணையில உக்காந்து பத்து நிமிஷம் பார்த்துட்டு, "இது ஒண்ணு எவ்வளவுக்குப் போகும்?"னார். விக்கறதுக்கு இல்லைன்னேன். "அப்பறம் எதுக்கு?"ன்னார். எனக்குப் பதில் வரலை. ஒரு வரிக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகுது. 128 வரிக்கு 64 மணி நேரம். களையெடுக்கற கூலிக்குக் கணக்குப் போட்டாலே அந்தத் தோரணத்தை யாரும் வாங்க மாட்டாங்க. இதையே பொம்பளைங்க பண்ணினா "பொழுதுபோகாம பண்றா"ம்பாங்க, நான் பண்ணினா "காலோட சேர்த்துப் புத்தியும் போச்சு"ங்கறாங்க. அதுக்கடுத்த வாரம் அதே பங்காளி, பேத்திக்கு ஒரு கழுத்து மாலை போட்டுக் குடுக்க முடியுமான்னு கேட்டார். காசைப் பத்திப் பேச்சே இல்லை.

வெறுத்துப்போய் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கிட்டு நொய்யல் கரைக்குப் போனேன். கொடுமணல் எங்களுக்குப் பக்கம். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க 1985-ல அங்க தோண்ட ஆரம்பிச்சு, அப்புறம் பல தடவை தோண்டியிருக்காங்க. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு இதுதாங்கறாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சூதுபவளத்துலயும் பளிங்குலயும் பச்சைக்கல்லுலயும் மணி செஞ்ச பட்டறை அங்க இருந்திருக்கு. பச்சைக்கல்லு காங்கயம் பக்கத்துப் படியூர்ல கெடைச்சிருக்கு. முடிஞ்ச மணி மட்டும் இல்லை, பாதி தேச்சது, ஓட்டை முழுசாப் போகாதது, வேண்டாம்னு கழிச்ச சில்லு எல்லாம் மண்ணுல கெடைச்சிருக்கு. எனக்கு அந்த ஓட்டை முழுசாப் போகாத மணி மேலதான் எப்பவும் கண்ணு. என் டப்பா ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் ஆத்தங்கரையில நின்னுட்டு, நாறுற சாயத்தண்ணியைப் பார்த்துட்டு வந்துட்டேன்.

வழியிலயே முடிவு பண்ணிட்டேன், பலகையைப் பழையபடி பரண்ல ஏத்திடறதுன்னு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. சாயங்காலம் கடலைக்காட்டுல மயில் வெரட்டப் போறப்ப அம்மாவும் கூட வந்தாங்க. அம்மா அந்தத் தோரணம் ஆரம்பிச்ச காலத்துல மயிலைப் பாக்கோணும்னா சென்னிமலைக்கோ சிவன்மலைக்கோ போகோணும். இப்ப விதை ஊணின மறுநாளே இருபது வந்து நிக்குது. 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, தட்டைத் தட்டி வெரட்டறதோட சரி.

நான் தட்டைத் தட்டினேன். ஒரு சேவல் மயிலு தோகையை இழுத்துக்கிட்டு வேலியைத் தாண்டுச்சு. பொட்டை ஒண்ணு மட்டும் போகாம, மூணு குஞ்சோட வரப்பு ஓரமா நடந்தது. அம்மா கழுத்தை அப்படி இப்படித் திருப்பி, அந்தக் கொழாய்க்குள்ள அதைப் புடிச்சுப் பார்த்துட்டே இருந்தாங்க.

"அதுக்கெங்க கண்ணு நீலம்?"

எனக்கு உடனே விளங்கலை.

"பொட்டை மயிலுக்கு நீலமே இல்லியே. தவுட்டு நெறம். கழுத்துல துளி பச்சை. நாந்தான் ரெண்டையும் சேவலாப் போட்டு வெச்சுட்டனா?"

பொட்டைக்குத் தோகை இல்லை, மிச்ச இடம் காலியா நிக்குமேன்னேன். "குஞ்சைப் போடு"ன்னாங்க, ராத்திரிக்கு ரசம் வெச்சுடுன்னு சொல்ற மாதிரி.

அன்னைக்கு ராத்திரி கட்டம் போட்ட நோட்டுல பொட்டையையும் மூணு குஞ்சையும் வரைஞ்சேன். அக்காவுக்குப் போன்ல சொன்னப்ப அவளுக்குப் பிடிக்கலை. "ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் இல்லீன்னா நிலவாசலுக்கு நல்லாவா இருக்கும்?"னா. இன்னமும் அதே பேச்சுத்தான் பேசிட்டு இருக்கா. தோரணத்தைக் கட்டறப்ப வருவாளா மாட்டாளான்னு தெரியலை.

நீலம் போட்ட அந்த நாலு வரியைப் பிரிக்கோணும். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி அம்மா போட்டது. எனக்குக் கத்திரியை வெக்கக் கை வரலை. அம்மா பலகையை மடியில வாங்கிக்கிட்டாங்க. ஊசி கோக்க அவங்களுக்கு இப்ப முடியாது. பிரிக்கறதுக்குக் கண்ணு வேண்டியதில்லை. நூல் முனையை விரலால தடவித் தேடி, ஒவ்வொரு பாசியா உருவி, ஒரு கிண்ணத்துல போட்டுக்கிட்டே வந்தாங்க. நாலு வரிக்கும் ஒரு மணி நேரம் ஆச்சு. நான் பக்கத்துல சும்மாத்தான் உக்காந்திருந்தேன்.

தவுட்டு நிறப் பாசி கெடைக்கறது நீலத்தை விடக் கஷ்டம்னு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. யாரும் வாங்கறதில்லைங்க, அதனால வெக்கறதில்லைங்கறாங்க. காட்டுல கிடந்த பொட்டை மயிலு இறகு ஒண்ணை எடுத்துக்கிட்டு ஈரோட்டுல மூணு கடை ஏறினேன். மூணாவது கடையில அடி அலமாரியில இருந்து தூசி தட்டி ஒரு பொட்டலம் எடுத்தாங்க. எத்தனை வருஷச் சரக்கோ. இறகை மேல வெச்சுப் பார்த்தேன், ஒத்து வந்தது. மொத்தத்தையும் குடுங்கன்னேன். "இதை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"ன்னு கடைக்காரர் கேட்டார். மயிலுன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துட்டு விலையில பாதி கொறைச்சுக்கிட்டார்.

இன்னைக்குத் தேதிக்கு 183-வது வரி ஓடுது. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிச்சிருக்கு. கோழி இரைப்பையில கெடைச்ச மூணு பாசி மங்கலா இருந்தாலும் ஒரு குஞ்சுக்குக் கண்ணா வெக்கலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன். ஒண்ணை வாங்கி விரலுக்கு நடுவுல உருட்டிப் பார்த்துட்டு, நல்லாக் கழுவினியான்னு மட்டும் கேட்டாங்க. நாளைக்குக் காலையில கரண்டு இருக்கறப்பவே கடலைக்குத் தண்ணி கட்டோணும், அதனால பலகையைத் தொட முடியாது. நாளன்னைக்குப் பாக்கலாம்.